‘சிக்கிள்’ என்றால் எந்த அரிவாள்?

கேள்வி: ஒரத்தநாடு பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளின் ஆங்கிலப் பாடத்தில் ‘சிக்கிள்’ என்ற சொல் வருகிறது. உரைநூலில் ‘அரிவாள்’ என்று மட்டும் பொருள் போட்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அரிவாள் என்றால் தேங்காய் வெட்டுவது, வேலிக் கிளை கழிப்பது. ஆங்கிலச் செய்தித்தாளில் கொலைச் செய்தியிலும் அந்தச் சொல்லே வருகிறது. கட்சிச் சின்னத்துக்கும், இரத்தச்சோகை நோய் ஒன்றுக்கும்கூட அதுவே பெயர். இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள், எங்கே எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பது கேள்வி.

பதில்:

அம்மா, உங்கள் மகளுக்கு முதலில் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்: சிக்கிள் என்பது கருக்கரிவாள். நெல் அறுக்க எடுத்துப்போவோமே, பிறையாக வளைந்து, உள்வளைவில் பொடிப்பொடியாகப் பல் வைத்து, குட்டையான மரப்பிடி போட்ட அரிவாள், அதுதான். தேங்காய் வெட்டும் அரிவாள் சிக்கிள் ஆகாது. மூங்கில் கழிக்கும் அரிவாளும் ஆகாது. சமையலறையில் மனையைக் காலால் அழுத்திக்கொண்டு வாழைக்காய் நறுக்கும் அரிவாள்மனை நிச்சயமாக ஆகாது.

உரைநூல் எழுதியவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. தமிழில் ‘அரிவாள்’ என்பது குடும்பப் பெயர். அதன் முன்னால் ஒரு சொல் சேர்த்துத்தான் எந்த அரிவாள் என்று தெளிவுபடுத்துகிறோம்: கருக்கரிவாள், வெட்டரிவாள், வீச்சரிவாள், பாளை அரிவாள். தெற்கே திருநெல்வேலிப் பக்கம் கருக்கரிவாளைப் பன்னரிவாள் என்பார்கள். பல் உள்ள அரிவாள் என்று பொருள். ஆங்கிலத்தில் இப்படி ஒரு பொதுப்பெயர் கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பெயர். ஆகவே அங்கிருந்து இங்கே வரும்போது எல்லாம் அரிவாள் ஆகிவிடுகிறது. இங்கிருந்து அங்கே போகும்போது எல்லாம் சிக்கிள் ஆகிவிடுகிறது. இரண்டாவதுதான் பெரிய தவறு. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தக் கருவிகளைப் பிரித்தறிய, உருவத்தைவிடக் கையின் அசைவைப் பாருங்கள். சிக்கிளைப் பிடித்த கை ஓங்காது. இடது கை ஒரு பிடி நெற்பயிரைத் தாளோடு சேர்த்துப் பற்றும். வலது கை அரிவாளைத் தூருக்கு வெளிப்பக்கமாகக் கொண்டுபோய், வளைவுக்குள் தாள்களை அடக்கி, தன்னை நோக்கி ஒரே இழுப்பாக இழுக்கும். ‘சரக்’ என்ற ஓசையோடு பிடி கையோடு வந்துவிடும். அறுத்த பிடியைத் தாள்களின் மேல் கதிர் ஒரே பக்கம் பார்க்கும்படி கிடத்திவிட்டு அடுத்த தூருக்குக் கை போகும். பிடி பிடியாகக் கிடத்தியது சேர்ந்து அரி ஆகும். அரிகளை ஒரு நாள் காயவிட்டுக் கட்டாகக் கட்டிக் களத்துக்குத் தூக்குவார்கள். இந்த இழுப்புத்தான் சிக்கிளுக்கு உயிர். ஓங்கி வெட்டும் எந்தக் கருவிக்கும் அந்தப் பெயர் பொருந்தாது.

பல் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நெல் தாளில் சிலிக்கா என்னும் மணற்சத்து மிகுதி. வழுவழுப்பான கூர் கொண்ட கத்தியை அந்தத் தாளில் இழுத்தால் முதலில் வழுக்கும், கொஞ்ச நேரத்தில் மழுங்கும். பல் இருந்தால் ஒவ்வொரு பல்லும் சில தாள்களைப் பிடித்துக்கொண்டு அறுக்கும், வழுக்கலுக்கு இடமில்லை. இங்கிலாந்திலும் பழைய வேளாண் கருவிகளைப் பற்றி எழுதுவோர் பல் வைத்ததைச் சிக்கிள் என்றும், பல் இல்லாமல் வழுவழுப்பான கூர் மட்டும் உள்ளதை ரீப்பிங் ஹூக் என்றும் பிரித்துச் சொல்வதுண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால் நம் கருக்கரிவாள், சிக்கிள் என்ற சொல்லின் மிகக் கறாரான பொருளுக்கே பொருந்திவருகிறது.

பல் வைக்கும் வேலையை நீங்கள் கொல்லுப்பட்டறையில் நின்று பார்த்திருந்தால் மகளுக்கு அதையும் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரு முறை அழைத்துப்போய்க் காட்டுங்கள். கொல்லர் தகட்டைப் பழுக்கக் காய்ச்சி, மெல்ல ஆறவிட்டு இளக்கிக்கொள்வார். பட்டறைக்கல்லின்மேல் அதைப் படுக்கவைத்து, சிற்றுளியைச் சாய்வாகப் பிடித்து, விளிம்பு ஓரமாக வரிவரியாகக் கொத்திக்கொண்டே போவார். ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் இடையில் நெல்மணியின் தடிமன்கூட இருக்காது. கண் வரியைப் பார்க்கும், கை தானாக உளியை நகர்த்தும். வரிகள் பிடியை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்; அப்போதுதான் இழுக்கும்போது பல் கடிக்கும். கொத்து முடிந்ததும் மறுபடி காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார். இரும்பு இறுகிவிடும்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. கொத்து விழுவது ஒரு முகத்தில் மட்டும். மறு முகம் வழுவழுப்பாகவே இருக்கும். தீட்டும்போது அந்த வழுவழுப்பான முகத்தைத்தான் கல்லில் தேய்க்க வேண்டும். அப்போது விளிம்பு தேயத் தேய, மேல்முகத்து வரிகள் புதுப்புதுப் பல்லாக வெளியே வரும். விவரம் தெரியாதவர்கள் வரி உள்ள பக்கத்தைத் தேய்த்துப் பல்லையே அழித்துவிடுவார்கள். வரியெல்லாம் தேய்ந்த பிறகு மறுபடி கொல்லரிடம் கொடுத்துக் கருக்கு வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு முகத்தில் மட்டும் கூர் இருப்பதால், வலக்கைக்காரருக்குச் செய்த கருக்கரிவாள் இடக்கைக்காரருக்கு ஒத்துவராது. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளை அறுப்பில் தடுமாறினால் பிள்ளையைத் திட்டாதீர்கள்; கூர் அந்தக் கைக்கு எதிர்ப்பக்கமாக இருக்கிறது.

காவிரிக் கரையில் இந்தக் கருவி எவ்வளவு பழையது என்பதற்கு நல்ல சான்று பொருநராற்றுப்படையில் இருக்கிறது. கரிகாலனைப் பாடிய பாட்டு அது. சோழ நாட்டு அறுவடையைச் சொல்லும் இடத்தில் ‘கூனிக் குயத்தின் வாய்நெல் அரிந்து’ என்று வருகிறது. குயம் என்றால் அரிவாள்; கூன் விழுந்த குயம் என்றால் வளைந்த அரிவாள். அதன் வாயால் நெல்லை அரிந்து, கதிர்க் கட்டுகளை மலையாக அடுக்கினார்கள் என்று பாட்டு போகிறது. முடிவில் ஒரு வேலி நிலத்துக்கு ஆயிரம் கலம் நெல் விளையும்படி காவிரி காக்கும் நாட்டுக்கு உரியவன் என்று மன்னனைப் போற்றி நிறுத்துகிறார் புலவர். ‘வெட்டி’ என்று அவர் பாடவில்லை, ‘அரிந்து’ என்றார். சிக்கிளின் வேலைக்கு இதைவிடச் சரியான வினைச்சொல் இல்லை.

ஆங்கிலச் சொல்லுக்கும் பிறப்பு அப்படித்தான். லத்தீனில் வெட்டுதல், அறுத்தல் என்ற பொருளில் ‘செக்காரே’ என்றொரு வினை உண்டு. அதிலிருந்து ‘செகுலா’ என்று அரிவாளுக்குப் பெயர் வந்தது. அது பழைய ஆங்கிலத்துக்குப் போய், தேய்ந்து, சிக்கிள் ஆயிற்று. செக்ஷன், செக்டர், தோட்டத்தில் கவாத்துச் செய்யும் செகட்டர்ஸ், எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. நோயைக் குறிக்கும் ‘சிக்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. எழுத்து ஒன்றாக இருப்பதால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

உச்சரிப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் அசை குறில்: சிக். அதை நீட்டிச் ‘சைக்’ என்றால் மிதிவண்டி ஆகிவிடும். நம் பிள்ளைகள் விடைத்தாளில் விவசாயி சைக்கிளால் நெல் அறுத்தார் என்று எழுதிவைப்பது இதனால்தான். நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் நடுவில் சிங்காரவேலர் கோயில் உள்ள சிக்கல் இருக்கிறதே, அந்த ஊர்ப் பெயரைச் சொல்லும்போது வாய் எப்படித் தொடங்குகிறதோ அப்படித் தொடங்கினால் போதும். எழுத்துக்கூட்டலில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்தும் ‘கே’யும் சேர்ந்தே வர வேண்டும். ஊறுகாயைக் குறிக்கும் ‘பிக்கிள்’ எழுதத் தெரிந்த பிள்ளை முதல் எழுத்தை மட்டும் மாற்றினால் சிக்கிள் எழுதிவிடும்.

இனி செய்தித்தாள் விஷயம். இதில்தான் எனக்கு மிகுந்த வருத்தம். ‘அரிவாளால் வெட்டிக் கொலை’ என்று தமிழில் வரும் செய்தியை ஆங்கிலத்தில் எழுதுகிறவர் அகராதியைத் திறக்கிறார். அரிவாள் என்றால் சிக்கிள் என்று பார்க்கிறார், எழுதிவிடுகிறார். இங்கிலாந்துக்காரர் ஒருவர் அதைப் படித்தால் அறுவடைக்கு வைத்திருந்த பிறைக் கத்தியால் ஒருவன் இன்னொருவனை எப்படி ஓங்கி வெட்டினான் என்று திகைப்பார். கருக்கரிவாளின் கூர் உள்வளைவில் இருக்கிறது, தகடோ மெல்லியது. ஓங்கி வெட்டுவதற்கு அது செய்யப்படவில்லை. நம் செய்தியில் வருவது வெட்டரிவாளோ வீச்சரிவாளோ தான். கனமான தகடு, நீண்ட முகம், நுனியில் மட்டும் சிறு வளைவு. இதற்கு ஆங்கிலத்தில் பில்ஹூக் என்ற சொல் இருக்கிறது. இங்கிலாந்தில் வேலிச்செடியை வெட்டிக் கட்டுவதற்கும் விறகைச் சிறிதாக வெட்டுவதற்கும் வைத்திருக்கும் கருவி அது. நுனி மூக்குபோல வளைந்திருக்கும். நம் வெட்டரிவாளின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். வீச்சரிவாள் போல நீளமாக இருந்தால் மஷெட்டி என்று எழுதுவது பொருத்தம். இரண்டும் எழுதப் பிடிக்கவில்லை என்றால் ‘அரிவாள்’ என்ற தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதி, கனமான வளைநுனிக் கத்தி என்று ஒரு விளக்கம் சேர்க்கலாம். சில நாளிதழ்கள் அப்படியும் செய்கின்றன. சிக்கிள் என்று மட்டும் எழுத வேண்டாம். நாற்று நட்ட கையோடு கதிர் அறுத்த பெண்களின் கருவி அது. செய்யாத கொலைகளை அதன் தலையில் கட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

நம் வீட்டில் உள்ள மற்றவற்றுக்கும் ஒரு வார்த்தை. இறைச்சிக் கடையில் எலும்போடு வெட்டும் அகலக் கத்தி கிளீவர். ஆட்டுக்குத் தழை இழுக்க நீண்ட கழி நுனியில் சிறு அரிவாள் கட்டிய துறட்டியை, நீண்ட கழியில் பொருத்திய ப்ரூனிங் ஹூக் என்று விளக்கலாம். கும்பகோணத்து வெற்றிலைப் பெட்டிகளில் கிடக்கும் பாக்குவெட்டிக்கு அரீக்கா நட் கட்டர் என்று விளக்கமாகத்தான் எழுத வேண்டும். அரிவாள்மனைக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் கிடையாது. கத்தி நிலையாக நிற்க, காய் கையோடு அசைகிற கருவி அங்கே வழக்கத்தில் இல்லை. மரப்பலகையில் நிறுத்திய வளைந்த கத்தி என்று ஒரு வாக்கியமாக எழுதிவிட்டு அரிவாள்மனை என்ற பெயரையும் சேர்த்துவிடுவதே நல்லது.

ஸைத் என்று இன்னொரு சொல் உங்கள் மகளின் பாடத்தில் சீக்கிரமே வரும். அதற்கும் உரைநூல் ‘அரிவாள்’ என்றே போட்டிருக்கும், அல்லது ‘பெரிய அரிவாள்’ என்றிருக்கும். அது ஆள் உயரத்துக்கு மரத்தண்டும், அதில் இரண்டு கைப்பிடிகளும், கீழே நீண்ட கத்தியும் வைத்த கருவி. நிமிர்ந்து நின்றபடி இரு கையாலும் வீசிப் புல்லையும் கோதுமையையும் அறுப்பார்கள். மேல்நாட்டுப் படங்களில் மரணத்தை எலும்புக்கூடாக வரைந்து கையில் ஒன்றைக் கொடுத்திருப்பார்களே, அது ஸைத். நம் டெல்டாவில் அது வழக்கத்துக்கு வராததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வீசி அறுத்தால் முற்றிய கதிரிலிருந்து மணி உதிரும். தாள் திசைக்கொன்றாக விழும். கட்டடிக்கும் களத்தில் கதிரெல்லாம் ஒரு பக்கம் இருந்தால்தான் வேலை நடக்கும். சேறு காயாத வயலில், வரப்புக்கு வரப்பு திரும்ப வேண்டிய இடத்தில், குனிந்து பிடிபிடியாக அறுப்பதே சரி. குனிந்த முதுகுக்கு வலி உண்டு. நெல்லுக்குச் சேதம் இல்லை. இந்த வலியைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். இடது கைச் சுண்டுவிரலில் பழைய வெட்டுத் தழும்பு இல்லாத அறுப்புக்காரியை எங்கள் நீடாமங்கலம் பக்கத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நோயின் பெயருக்கு வருகிறேன். சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் ஒரு நோயாளியின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து, சிவப்பணுக்கள் சில வட்டமாக இல்லாமல் மெலிந்து, வளைந்து, பிறை வடிவில் இருப்பதாக எழுதினார். அந்த வடிவுக்கு அவர் எடுத்தாண்ட உவமைதான் சிக்கிள். அதனால் சிக்கிள் செல் அனீமியா என்ற பெயர் நிலைத்தது. தமிழில் அரிவாள் செல் இரத்தச்சோகை என்றோ அரிவாளணுச் சோகை என்றோ எழுதுகிறார்கள். பெற்றோர் வழியாக வரும் மரபணுக் குறை இது. தொற்றும் நோயாக யாரும் எண்ணக் கூடாது. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களில் அடைத்துக்கொள்வதால் தாங்க முடியாத வலி வரும். இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1952இல் பதிவானது நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான். இதை ஒழிக்க ஒன்றிய அரசு 2023 ஜூலையில் ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்கியது. 2047 அதன் இலக்கு ஆண்டு. சொல் வழக்கைப் பொறுத்தவரை ஒரு புதுமை கவனிக்கத் தக்கது: மருத்துவ ஆங்கிலத்தில் சிக்கிள் வினையாகவும் வரும். ஆக்சிஜன் குறையும்போது அணுக்கள் ‘சிக்கிள்’ ஆகின்றன என்பார்கள். அறுத்தல் என்ற பொருள் அங்கே சுத்தமாகக் கிடையாது; வளைதல் மட்டுமே.

அந்த வடிவப் பொருளில் இந்தச் சொல் இன்னும் பல இடங்களில் வருகிறது. சிக்கிள் மூன் என்றால் மூன்றாம் பிறை. சேவலின் வாலில் வளைந்து தொங்கும் நீண்ட இறகுகள் சிக்கிள் ஃபெதர்ஸ். பாலே நடனத்தில் பாதம் உள்பக்கமாக வளைந்துவிட்டால் அதுவும் சிக்கிள். அங்கே அது குற்றம். தமிழிலும் நாம் இந்த வேலையைச் செய்திருக்கிறோம். வடுவூர் ஏரிக்கு வருகிற வெள்ளை ஐபிஸ் பறவைக்கு அரிவாள் மூக்கன் என்று பெயர். கீழ்நோக்கி வளைந்த நீண்ட கறுப்பு அலகைப் பார்த்தவர்கள் வேறு பெயர் வைத்திருக்க முடியாது. அது சேற்றில் அலகை விட்டுத் துழாவும்போது நாற்றங்காலில் நின்று கவனியுங்கள், பெயரின் பொருத்தம் விளங்கும்.

வானத்திலும் ஒரு சிக்கிள் உண்டு. சிம்ம ராசியின் தலைப்பகுதி விண்மீன்கள் ஓர் அரிவாள் வடிவில் அமைந்திருப்பதால் மேல்நாட்டார் அந்தக் கூட்டத்தைச் ‘சிக்கிள்’ என்றே அழைக்கிறார்கள். அந்த அரிவாளின் பிடி நுனியில் பளிச்சென்று இருக்கும் விண்மீனை அவர்கள் ரெகுலஸ் என்பார்கள். நாம் மகம் என்கிறோம். மாசி மாதம் முழுநிலவு மகத்தோடு சேரும் நாள் மாசி மகம். வியாழன் சிம்மத்தில் இருக்கும் ஆண்டில் வரும் மாசி மகமே கும்பகோணத்து மகாமகம். கடைசியாக 2016 பிப்ரவரி 22இல் நடந்தது, அடுத்தது 2028இல். மாசி மாத முன்னிரவில் மகளை மாடிக்கு அழைத்துப்போய்க் கிழக்கே காட்டுங்கள். முழுநிலவன்று வெளிச்சத்தில் மற்ற விண்மீன்கள் மங்கிவிடும். சில நாள் தள்ளிப் பார்த்தால் வளைவு முழுதாகத் தெரியும்.

கட்சிச் சின்னத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆங்கிலத்தில் ஹேமர் அண்ட் சிக்கிள் என்று சுத்தியலை முதலில் சொல்வது வழக்கம். ரஷ்ய மொழியில் அரிவாள் முதலில், சுத்தியல் பிறகு. நம் ஊர்க் கூட்டங்களில் ‘அரிவாள் சுத்தியல் நட்சத்திரம்’ என்று கேட்டிருப்பீர்கள். வயல் நாட்டுக்காரர்களுக்கு அரிவாள் முந்திக்கொள்கிறது. சுத்தியல் ஆலைத் தொழிலாளிக்கு, அரிவாள் உழவுத் தொழிலாளிக்கு; 1923இல் சோவியத் ஒன்றியத்தின் அரசு முத்திரையில் இந்த இணை இடம்பெற்றது. வரையப்பட்டிருப்பது பிறை வடிவக் கதிர் அரிவாள்தான், வெட்டரிவாள் கிடையாது.

இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சின்னம் 1952 முதல் பொதுத்தேர்தலிலிருந்தே கதிர் அரிவாள். நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டிச் சுவர்களில் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். தேர்தல் ஆணையத்தின் ஆங்கிலப் பட்டியலில் அதற்கு ‘இயர்ஸ் ஆஃப் கார்ன் அண்ட் சிக்கிள்’ என்று பெயர். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மாணவர்கள் கார்ன் என்றதும் மக்காச்சோளம் என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அமெரிக்காவில்தான் அந்தப் பொருள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கார்ன் என்பது அந்தந்த நாட்டின் முக்கியத் தானியம் எதுவோ அது. ‘இயர்’ என்பதும் இங்கே காது இல்லை, கதிர். ஆகவே கதிர் அரிவாள் என்ற தமிழ்ப் பெயர் மிகச் சரியான மொழிபெயர்ப்பு.

இந்தச் சின்னம் கீழத்தஞ்சைக்கு ஏன் அவ்வளவு நெருக்கம் என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அறுக்கிற கைக்கும் நெல்லுக்கும் இடையில் கூலி என்ற கேள்வி இருந்தது. அறுவடைக் கூலியாக அளக்கும் நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்ட பூசலின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் மிகுதி. அந்த ஊர்ப் பக்கம் அரிவாள் படம் போட்ட கொடியைப் பார்த்தால் மக்கள் அதை அறுப்பு அரிவாளாகவே பார்க்கிறார்கள், வெட்டரிவாளாக இல்லை.

இன்று வயலில் கருக்கரிவாள் குறைந்துவிட்டது உண்மை. குறுவை, சம்பா, தாளடி எதுவானாலும் அறுவடை இயந்திரம் வந்து இறங்குகிறது; சேறு காயாத வயலுக்கு டயர் வண்டிக்குப் பதில் பெல்ட் வண்டி. ஆனால் இயந்திரத்தின் முன்வாயைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். இடவலமாக ஓடும் நீண்ட இரும்புப் பட்டையில் முக்கோணக் கத்திகள் வரிசையாக அறைந்திருக்கும். பல கத்திகளின் விளிம்பில் அதே கருக்கு உண்டு. அமெரிக்க ஆங்கிலத்தில் அந்தப் பட்டையைச் சிக்கிள் பார் என்கிறார்கள். பயிர் மழையில் சாய்ந்து மண்ணோடு ஒட்டிவிட்டால், அல்லது மாப்பிள்ளைச் சம்பா போல உயரமாக வளர்ந்து படுத்துவிட்டால், இயந்திரம் திணறும். வயல் மூலையிலும் வரப்போரத்திலும் அதன் வாய் எட்டாது. அங்கெல்லாம் இன்றும் கைஅரிவாள்தான். மாட்டுக்கு நீள வைக்கோல் வேண்டும் என்பவர்களும் ஒரு மூலையைக் கையறுப்புக்கு ஒதுக்கிவைக்கிறார்கள்.

கடைசியாகத் தேர்வுக்கு வேண்டியது. சிக்கிள் என்ற பெயர்ச்சொல்லோடு இயல்பாகச் சேரும் ஆங்கில வினைகள் ரீப், கட், ஹார்வெஸ்ட். கருவியைச் சொல்லும்போது முன்னால் ‘வித்’ வரும். ஒன்றைக் குறித்தால் ‘வித் எ சிக்கிள்’, பலவானால் கடைசியில் ‘எஸ்’ சேர்த்துச் ‘சிக்கிள்ஸ்’. பழைய நூல்களில் ‘புட் இன் தி சிக்கிள்’ என்று கண்டால் அரிவாளை உள்ளே வைத்தான் என்று எழுத வேண்டாம். அறுவடை தொடங்கினான் என்று பொருள். சாப், ஹேக் போன்ற ஓங்கி வெட்டும் வினைகளை இதோடு சேர்க்கக் கூடாது. ‘பாட்டி கருக்கரிவாளால் நெல் அறுத்தாள்’ என்ற வாக்கியத்துக்குச் சிக்கிளும் ரீப்பும் போடச் சொல்லுங்கள். ‘மாமா அரிவாளால் மூங்கில் வெட்டினார்’ என்பதற்குப் பில்ஹூக்கும் கட்டும். ‘அத்தை அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கினாள்’ என்று கேட்டிருந்தால் ஸ்லைஸ் என்ற வினையைப் போட்டுவிட்டு, கருவியின் பெயரை அரிவாள்மனை என்றே ஆங்கில எழுத்தில் எழுதலாம். உரைநூலில் வெறும் ‘அரிவாள்’ என்று அச்சாகியிருக்கும் இடத்தில் முன்னால் ‘கருக்கு’ என்று பென்சிலால் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் புத்தகத்தை வாங்கிப் படிக்கும் பிள்ளைக்கும் உதவும்.